திருத்தியதைத் திருப்பித் தருதல்: திறந்த மூல மென்பொருளில் பயன்படுத்துவோரின் பங்கு

கணினி மென்பொருள் எவ்வளவு கவனத்துடன் எழுதப்பட்டாலும் முற்றிலும் பிழையற்றதாக அமைவதில்லை. லட்சக்கணக்கான வரிகளைக் கொண்ட நிரலில் ஒரு வரியில் ஓர் எண் தவறினாலும், எதிர்பாராத ஒரு சூழ்நிலையில் அதன் விளைவு வெளிப்பட்டே தீரும். எனவே, ஒரு மென்பொருளை ஏற்பதற்கு முன் மூன்று கேள்விகளை எழுப்புவது நலம். பிழை வெளிப்பட்டால் அதைத் திருத்தும் உரிமை யாருக்கு உண்டு? எவ்வளவு காலத்தில் அது திருத்தப்படும்? திருத்தத்தின் பயன் யார் யாரைச் சென்றடையும்?

மூல நிரல் வெளியிடப்படாத மென்பொருளில் இக்கேள்விகளுக்கு விடை எளியது. விற்ற நிறுவனமே திருத்த வேண்டும். பயன்படுத்துவோர் காத்திருக்க வேண்டும். 2018 பிப்ரவரியில், தெலுங்கு மொழியின் ஒரு குறிப்பிட்ட கூட்டெழுத்து திரையில் தோன்றினால் ஐபோனின் பல செயலிகள் முடங்கிப்போகும் பிழை ஒன்று வெளிப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் சில நாட்களில் அதைத் திருத்தி 11.2.6 என்னும் பதிப்பை வெளியிட்டது. அந்த இடைக்காலத்தில், தெலுங்கு எழுத்தமைப்பை நன்கறிந்த இந்திய நிரலாளர்கள் பலர் இருந்தும், நிரலைத் திறந்து காரணத்தைத் தேடவோ திருத்தம் வழங்கவோ அவர்களுக்கு வழி இருக்கவில்லை.

திறந்த மூல மென்பொருளில் அந்த வழி உண்டு. மூல நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கு வழங்கலாம். இவ்வுரிமைகளின் பயனைக் கருதியே மத்திய அரசு 2015ஆம் ஆண்டில் திறந்த மூல மென்பொருளை ஏற்பதற்கான கொள்கையை வெளியிட்டது. அரசுத் துறைகள் புதிய மென்பொருள் அமைப்புகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்க வேண்டும் என்றும், அதைத் தவிர்க்கும் வழங்குநர் அதற்கான காரணத்தைக் கூற வேண்டும் என்றும் அக்கொள்கை வகுத்தது. ஆயினும், ஏற்பது பணியின் ஒரு பாதியே. ஏற்ற மென்பொருளில் கண்ட பிழையைத் திருத்தி, அத்திருத்தத்தை மூலத் திட்டத்திடம் சேர்ப்பிப்பது அதன் மறுபாதியாகும். இந்த மறுபாதி எவ்வாறு நடைபெறுகிறது, அதைப் புறக்கணித்தால் நேரும் இழப்பு யாது என்பதை மாணவர்களும் அலுவலர்களும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

உரிமையின் தோற்றம்

1983ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ என்னும் திட்டத்தை அறிவித்தார். எவரும் இயக்கவும், ஆராயவும், மாற்றவும், பகிரவும் உரிமையுள்ள மென்பொருள்களை உருவாக்குவதே அதன் நோக்கம். அவ்வுரிமைகளைச் சட்ட வடிவில் காக்கும் பொது மக்கள் உரிமம் 1989இல் முதன்முதலாக வெளிவந்தது. 1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் இயக்கு தளக் கருநிரலின் தொடக்கப் பதிப்பை வெளியிட்டார். இன்று அக்கருநிரல் மூன்று கோடிக்கும் அதிகமான வரிகளைக் கொண்டது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் அதன் மீதே இயங்குகின்றன. உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூறின் பட்டியலில் இடம்பெறும் கணினிகள் அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸ் கொண்டே இயங்கி வருகின்றன.

இத்துணைப் பெரிய கட்டமைப்பை ஒரு தனி நிறுவனம் எழுதிவிடவில்லை. ஏறத்தாழ ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளிவரும் ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்க்கப்படுகின்றன. அவற்றுள் கணிசமானவை பிழை திருத்தங்களே. அவை பல நாடுகளில் பணியாற்றும் பொறியாளர்கள், மாணவர்கள், ஆராய்ச்சியாளர்கள் ஆகியோரிடமிருந்து வந்து சேர்கின்றன.

ஒரு சிறு பிழையும் அதன் பாடமும்

திறந்திருப்பதனால் மட்டும் ஒரு மென்பொருள் பாதுகாப்பானதாகிவிடாது என்பதற்கு, 2014ஆம் ஆண்டின் ஹார்ட்பிளீட் நிகழ்ச்சி சிறந்த சான்றாகும். இணையத்தில் செல்லும் செய்திகளை மறையாக்கம் செய்ய உலகெங்கும் பயன்படுவது ஓப்பன் எஸ்எஸ்எல் என்னும் திறந்த மூல மென்பொருள். இரு கணினிகளுக்கு இடையிலான தொடர்பு அறுபடாமல் இருக்கிறதா என அறிய, ஒன்று மற்றொன்றுக்குச் சிறு செய்தியை அனுப்பும். பெற்ற கணினி அதே செய்தியைத் திருப்பி அனுப்பும். செய்தியின் நீளம் எவ்வளவு என்பதையும் அனுப்புவோரே குறிப்பிட வேண்டும். குறிப்பிட்ட நீளம் உண்மைதானா என்று சரிபார்க்கும் வரி அந்நிரலில் விடுபட்டிருந்தது.

இதன் விளைவு கடுமையானது. ஐந்து எழுத்துள்ள ஒரு சொல்லை அனுப்பி, அதன் நீளம் அறுபதாயிரம் எழுத்து என்று பொய்யாகக் குறிப்பிட்டால், எதிர்க்கணினி அதை நம்பி, தன் நினைவகத்தில் அச்சொல்லை அடுத்திருந்த தகவல்களையும் சேர்த்து அனுப்பிவிடும். ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் அளவு வரை இவ்வாறு கசிந்தது. கடவுச்சொற்களும் மறையாக்கத் திறவுகோல்களும் அதில் அடங்கியிருக்கக்கூடும். குறைபாடுள்ள வரிகள் 2011 டிசம்பரில் சேர்க்கப்பட்டு, 2012 மார்ச்சில் பதிப்பாக வெளிவந்தன. 2014 ஏப்ரல் 7 அன்றுதான் பிழை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. நெட்கிராஃப்ட் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி அப்போது ஏறத்தாழ ஐந்து லட்சம் இணையதளங்கள் பாதிப்புக்குரியனவாக இருந்தன.

திருத்தமோ சில வரிகளே. கூறப்பட்ட நீளத்தை உண்மை நீளத்துடன் ஒப்பிட்டு, பொருந்தாவிடில் செய்தியைப் புறக்கணிப்பது என்பதே அதன் சாரம். நிரல் இரண்டாண்டு காலம் அனைவர் கண்ணெதிரிலும் இருந்தது. அதை எழுதியவரும் பரிசீலித்தவரும் குறையைக் கவனிக்கத் தவறினர். பயன்படுத்திய பெரும் நிறுவனங்களும் நெடுங்காலம் அதைக் கவனிக்கவில்லை. அந்நாட்களில் அத்திட்டத்திற்குக் கிடைத்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் மட்டுமே. முழுநேரமாகப் பணியாற்றியவர் ஒருவரே. உலக வணிகத்தின் பூட்டைக் காத்து நின்றவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே என்னும் உண்மை அப்போதுதான் பலருக்கும் விளங்கியது. அதன் பின்னரே, லினக்ஸ் அறநிறுவனத்தின் முயற்சியால் பெரிய நிறுவனங்கள் இத்தகைய அடிப்படைத் திட்டங்களுக்கு நிதியுதவி செய்ய முன்வந்தன.

ஏரி நீரைப் பயன்படுத்திய உழவர்கள் கரையைப் பலப்படுத்துவதிலும் கால்வாயைத் தூர் வாருவதிலும் பங்கேற்ற குடிமராமத்து முறையைத் தமிழ்நாட்டு உழவர்கள் அறிவர். மராமத்தில் பங்குகொள்ளாமல் நீரை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏரி தூர்ந்துபோகும். பொதுவில் உள்ள மென்பொருளுக்கும் இது பொருந்தும்.

தனியே வைத்துக்கொண்ட திருத்தத்தின் சுமை

பிழையைத் தம் அலுவலக அளவில் திருத்திக்கொண்டால் போதாதா என்னும் கேள்வி எழுவது இயல்பு. ஓர் அரசுத் துறை, ஆவணங்களைச் சேமிக்கத் திறந்த மூல மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்துவதாகக் கொள்ளலாம். தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக மட்டும் எழுதுவோரின் விண்ணப்பங்களை அம்மென்பொருள் ஏற்க மறுக்கிறது; குடும்பப் பெயர் எல்லோருக்கும் உண்டு என்னும் கருத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது. துறையின் இளம் பொறியாளர் ஒருவர் நான்கு வரிகளை மாற்றி, இக்குறையை நீக்கிவிடுகிறார். பணி தடையின்றி நடைபெறுகிறது.

ஆறு மாதம் கழித்து மூலத் திட்டம் புதிய பதிப்பை வெளியிடுகிறது. அதில் இந்த நான்கு வரிகள் இல்லை. பொறியாளர் மீண்டும் அவற்றைச் சேர்க்கிறார். அடுத்த பதிப்பில் அப்பகுதி முழுவதுமே மாற்றி எழுதப்பட்டிருப்பதால், பழைய வரிகள் பொருந்துவதில்லை. இதற்கிடையில் பொறியாளர் வேறு ஊருக்கு மாற்றலாகிச் செல்கிறார். அவருக்குப் பின் வந்தவருக்கு எந்த வரிகள் ஏன் மாற்றப்பட்டன என்பது தெரியாது. புதிய பதிப்பை நிறுவினால் பணி நின்றுவிடும் என்னும் அச்சத்தால் துறை பழைய பதிப்பிலேயே தங்கிவிடுகிறது. புதிய பதிப்புகளில் அடைக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் அந்த அலுவலகத்தில் மட்டும் திறந்தபடியே இருக்கின்றன. நான்கு வரித் திருத்தம் மெல்ல மெல்லக் கடனாகிவிடுகிறது.

அதே நான்கு வரிகள் மூலத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தால், அடுத்த பதிப்பு அவற்றுடனேயே வந்திருக்கும். பகுதியை மாற்றி எழுதியவர்கள் அத்தேவையையும் கருத்திற்கொண்டு எழுதியிருப்பார்கள். இதே இடர்ப்பாட்டை அடைந்த பிற மாநில அலுவலகங்களுக்கும் அது பயன்பட்டிருக்கும். எனவே, திருத்தத்தைத் திருப்பித் தருவது கொடை என்பதோடு, செலவைக் குறைக்கும் நிர்வாக முறையும் ஆகும்.

திருத்தம் அனுப்பும் முறை

திட்டத்திற்குத் திட்டம் நடைமுறை வேறுபடும். ஆயினும், லினக்ஸ் கருநிரல் பின்பற்றும் முறை மிகவும் கண்டிப்பானது. எழுத்து வடிவில் தெளிவாக வகுக்கப்பட்டது. அதை அறிந்தவர்க்குப் பிற திட்டங்களின் முறைகள் கடினமாகத் தோன்றா.

முதற்படி, பிழையை மீண்டும் தோன்றச் செய்தல். எந்தப் பதிப்பில், எந்தச் சூழ்நிலையில், எந்தச் செயல்களை வரிசையாகச் செய்தால் பிழை ஏற்படுகிறது என்பதை உறுதிசெய்ய வேண்டும். 'வேலை செய்யவில்லை' என்னும் அறிவிப்பால் யாருக்கும் பயனில்லை. எதிர்பார்த்தது யாது, நிகழ்ந்தது யாது என்னும் இரண்டையும் கூற வேண்டும். பழைய பதிப்பில் கண்ட பிழை புதிய பதிப்பில் முன்னரே திருத்தப்பட்டிருக்கலாம். ஆதலால், அண்மைப் பதிப்பில் சோதித்துப் பார்ப்பதும், அதே பிழையைப் பிறர் ஏற்கெனவே தெரிவித்துள்ளனரா எனத் தேடுவதும் கடமையாகும்.

இரண்டாவது படி, காரணத்தைக் கண்டறிதல். இதற்குக் கிட் என்னும் கருவி துணைசெய்கிறது. டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய இக்கருவி, நிரலில் செய்யப்பட்ட ஒவ்வொரு மாற்றத்தையும், அதைச் செய்தவர் பெயர், நாள், காரணம் ஆகியவற்றுடன் பதிந்து வைக்கிறது. பிழை இல்லாத பழைய பதிப்பையும் பிழையுள்ள புதிய பதிப்பையும் குறிப்பிட்டால், இடைப்பட்ட மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்க அது வழிசெய்யும். ஆயிரம் மாற்றங்கள் இடையில் இருந்தாலும், ஏறத்தாழ பத்துச் சோதனைகளில் குற்றவாளி எது எனத் தெரிந்துவிடும்.

மூன்றாவது படி, திருத்தத்தை எழுதுதல். ஒரு திருத்தம் ஒரே ஒரு பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும். பிழையைத் திருத்தும்போதே இடைவெளிகளைச் சீராக்குவது, பெயர்களை மாற்றுவது முதலிய பிற வேலைகளையும் சேர்த்துச் செய்தல் கூடாது. பரிசீலிப்பவர் எந்த வரி எதற்காக மாறியது என்று தடுமாற நேரும். பின்னாளில் ஒன்றை மட்டும் விலக்க வேண்டுமென்றால் இயலாமற்போகும். நிரல் எழுதும் பாணி திட்டத்தின் விதிகளுக்கு இணங்க வேண்டும். இதைச் சரிபார்க்கும் துணைநிரல் லினக்ஸ் தொகுப்பிலேயே உள்ளது.

நான்காவது படி விளக்கக் குறிப்பு. புதியவர்கள் பெரிதும் புறக்கணிப்பது இதையே. என்ன மாற்றப்பட்டது என்பதை நிரலைப் பார்த்தே அறியலாம். ஏன் மாற்றப்பட்டது என்பதை எழுதினால்தான் அறிய முடியும். பிழையால் பயன்படுத்துவோருக்கு நேரும் இடையூறு, அதன் காரணம், தேர்ந்தெடுத்த தீர்வு ஆகியவற்றைச் சுருக்கமாக எழுத வேண்டும். பிழையை உண்டாக்கிய பழைய மாற்றத்தின் அடையாள எண்ணில் முதல் 12 எழுத்துகளைக் குறிப்பிடும் வழக்கமும் உண்டு. அதைக் கொண்டே, எந்தெந்தப் பழைய பதிப்புகளுக்கும் இத்திருத்தம் தேவை என்று பராமரிப்பாளர்கள் முடிவு செய்கின்றனர். பிழையைக் கண்டவர், சோதித்தவர், பரிசீலித்தவர் ஆகியோரின் பெயர்களும் தனித்தனி வரிகளில் பதியப்படும்.

இறுதியில் அனுப்புபவர் தம் கையொப்ப வரியைச் சேர்க்க வேண்டும். 2004ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள இவ்வரி ஓர் உறுதிமொழியாகும். இந்த நிரலை அனுப்பத் தமக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்பதும், அது திட்டத்தின் உரிமத்தின்கீழ் வெளியிடப்படும் என்பதும் அதன் பொருள்.

ஐந்தாவது படி, உரியவரிடம் சேர்ப்பித்தல். கருநிரலின் எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்பதைக் கூறும் பட்டியல் தொகுப்பிலேயே இடம்பெற்றுள்ளது. அப்பட்டியலின்படி திருத்தம் மின்னஞ்சலில் வெறும் எழுத்து வடிவில் அனுப்பப்படுகிறது. வேறு பல திட்டங்களில், நிரல் தொகுப்பின் ஒரு படியைத் தம் கணக்கில் எடுத்துக்கொண்டு, அதில் மாற்றம் செய்து, அதை இணைக்குமாறு இணையதளம் வழியாகக் கோரிக்கை அளிக்கும் முறை வழக்கில் உள்ளது.

பரிசீலனையும் பொறுமையும்

அனுப்பிய திருத்தம் உடனே ஏற்கப்படுவது அரிது. பரிசீலிப்பவர்கள் வரிக்கு வரி கேள்வி எழுப்புவர். வேறு வழியைப் பரிந்துரைப்பர். இதைத் தம் திறமையைக் குறைத்துக் கூறுவதாகக் கருதுதல் கூடாது. கருத்துகளுக்கெல்லாம் விடை தந்து, தேவையானவற்றை மாற்றி, இரண்டாம் வடிவம், மூன்றாம் வடிவம் என எண்ணிட்டு மீண்டும் அனுப்புவதே முறை. விடை வராவிட்டால் ஒரு வாரமேனும் பொறுத்திருந்து நினைவூட்டலாம். முன்பு சரியாக இயங்கிய எதையும் புதிய மாற்றம் கெடுத்துவிடக் கூடாது என்பது லினக்ஸ் திட்டத்தின் தலையாய விதியாகும். ஒரு பிழையைத் திருத்தி வேறொரு பிழையை உண்டாக்கும் திருத்தம் திரும்பப் பெறப்படும்.

ஏற்கப்பட்ட திருத்தம் முதலில் அப்பகுதியின் பராமரிப்பாளர் தொகுப்பிலும், பின்னர்ச் சோதனைக்கான பொதுத் தொகுப்பிலும், இறுதியில் டோர்வால்ட்ஸின் தொகுப்பிலும் சேர்கிறது. அதன் பின்னரே பழைய நிலைத்த பதிப்புகளுக்கு அது கொண்டுசெல்லப்படும். அவ்வாறு கொண்டுசெல்லப்படும் திருத்தம் சுற்றுவரிகள் உட்பட 100 வரிகளுக்கு மேற்படக் கூடாது என்பது விதி.

இத்துணைக் கண்டிப்பு தேவைதானா என்னும் ஐயத்திற்கு 2024ஆம் ஆண்டு விடையளித்தது. தகவல்களைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் என்னும் திட்டத்தில், இரண்டாண்டுக்கும் மேலாகப் பயனுள்ள திருத்தங்களை அனுப்பி நம்பிக்கையைப் பெற்றுப் பராமரிப்பாளராகவே உயர்ந்த ஒருவர், பிற கணினிகளுக்குள் மறைவாக நுழையும் வழியை அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் சேர்த்துவிட்டார். கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர், காரணத்தைத் தேடிச் சென்று 2024 மார்ச் இறுதியில் இதை வெளிப்படுத்தினார். அத்திட்டத்தை நீண்ட காலம் பேணி வந்தவர் தனியொருவர், பணிச்சுமையால் களைத்திருந்தவர். அவருக்கு உதவ நல்லோர் பலர் முன்வந்திருந்தால், தீயவர் ஒருவர் அந்த இடத்தைப் பிடித்திருப்பது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

பாதுகாப்பு தொடர்பான பிழைகளில் மட்டும் நடைமுறை மாறுபடும். அவற்றைப் பலர் அறிய வெளியிட்டால், திருத்தம் வருமுன்னரே தீயோர் பயன்படுத்திக்கொள்வர். எனவே, அத்திட்டத்தின் பாதுகாப்புக் குழுவிடம் மட்டும் மறைவாகத் தெரிவித்து, திருத்தம் ஆயத்தமான பின் வெளியிட வேண்டும். இந்தியாவில் 2004 முதல் இயங்கிவரும் கணினி அவசரநிலைச் செயற்குழுவான செர்ட்-இன் அமைப்பிடமும் இத்தகைய குறைகளைத் தெரிவிக்கலாம். அவற்றுக்கு உலகப் பொது அடையாள எண் வழங்கும் தகுதியையும் அவ்வமைப்பு 2021இல் பெற்றது.

இந்திய மொழிகளும் இந்தியப் பங்களிப்பும்

சில பிழைகளை இந்தியர்கள் திருத்தாவிட்டால் வேறு எவரும் திருத்தப்போவதில்லை. மொழி தொடர்பான பிழைகள் அவ்வகையின. 'கெ' என்னும் எழுத்தில் கொம்பு இடப்புறம் தோன்றினாலும், கணினியின் நினைவகத்தில் ககர மெய்யின் குறியீட்டுக்குப் பின்னரே அது சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அதை இடம் மாற்றி அமைப்பது எழுத்தமைப்பு மென்பொருளின் பணி. மலையாளம், தேவநாகரி முதலிய எழுத்துமுறைகளில் கூட்டெழுத்துகளும் சேர்வதால் பணி மேலும் சிக்கலாகிறது. ஹார்ஃப்பஸ் என்னும் திறந்த மூல மென்பொருள் இப்பணியைச் செய்கிறது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம் ஆகிய உலாவிகளும், ஆண்ட்ராய்டு தளமும், லிபர் ஆஃபீஸ் அலுவலகத் தொகுப்பும் அதைப் பயன்படுத்துகின்றன. அங்குச் சேரும் ஒரு திருத்தம், இவை அனைத்தின் வழியாகவும் கோடிக்கணக்கானோர் கைகளை அடைகிறது.

2002இல் தொடங்கப்பட்ட சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்னும் தன்னார்வலர் குழு, மலையாள எழுத்துருக்களை உருவாக்கிப் பேணி வருவதோடு, எழுத்தமைப்பு மென்பொருள்களின் பிழைகளைக் களைவதிலும் பங்காற்றியுள்ளது. கேரளப் பள்ளிகளில் திறந்த மூல மென்பொருள் வேரூன்றியதும் இத்தகைய சூழலில்தான். அம்மாநிலத்தின் கைட் நிறுவனம் 2019இல் தன் இயக்கு தளத்தின் புதிய பதிப்பை, பள்ளிகளின் இரண்டு லட்சத்திற்கும் அதிகமான கணினிகளுக்காக வெளியிட்டது. மொழியை அறிந்தவரும் நிரலை அறிந்தவரும் ஒன்றுசேர்ந்தால் விளையும் பயனுக்கு இது எடுத்துக்காட்டு.

அலுவலர்கள் கவனிக்க வேண்டியவை

அரசு அலுவலகங்களிலிருந்து திருத்தங்கள் மூலத் திட்டங்களுக்குச் செல்வதற்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் அனுமதி குறித்த தெளிவின்மையே. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. பணியின் பொருட்டு ஊழியர் எழுதிய படைப்பின் முதல் உரிமை, மாறான உடன்பாடு இல்லாவிடில், பணியமர்த்தியவருக்கே உரியது. அரசுப் படைப்பாயின் அரசுக்கு உரியது. ஆகவே, மேலே கூறிய கையொப்ப உறுதிமொழியைத் துறையின் அனுமதியின்றி ஊழியர் அளிக்க இயலாது. ஒவ்வொரு நான்கு வரிக்கும் தனிக்கோப்பு தொடங்கி அனுமதி கோருவதும் நடைமுறைக்கு ஒவ்வாது. குறிப்பிட்ட திட்டங்களுக்குப் பிழை திருத்தங்களை அனுப்பலாம் என்று பொதுவான ஆணை ஒன்றைத் துறைத்தலைவர் முன்கூட்டியே வழங்குவது இதற்குத் தீர்வாகும். ரகசியத் தகவல், கடவுச்சொல், பொதுமக்களின் தனிவிவரம் ஆகியவை சோதனைத் தகவல்களில் கலந்துவிடாமல் காப்பதற்கான விதிகளும் அவ்வாணையில் இடம்பெற வேண்டும்.

தனியார் நிறுவனத்திடம் பணியை ஒப்படைக்கும் ஒப்பந்தங்களிலும் இதற்கு இடம் அளிக்கலாம். பயன்படுத்தும் திறந்த மூல மென்பொருளில் ஒப்பந்ததாரர் செய்யும் திருத்தங்கள் மூலத் திட்டத்திற்கு அனுப்பப்பட வேண்டும் என ஒரு விதியைச் சேர்த்தால், ஒப்பந்தம் முடிந்த பின்னரும் திருத்தம் நிலைத்திருக்கும். அரசுப் பயன்பாடுகளின் மூல நிரலைத் திறந்து கூட்டாக வளர்ப்பதற்கான தனிக்கொள்கையும் 2015இல் வெளியிடப்பட்டது. அதற்கென ஓப்பன்ஃபோர்ஜ் என்னும் தளமும் அமைக்கப்பட்டது. 2020 மே மாதம் ஆரோக்கிய சேது செயலியின் ஆண்ட்ராய்டு நிரல் வெளியிடப்பட்டு, குறைகளைக் கண்டு கூறுவோருக்குப் பரிசும் அறிவிக்கப்பட்டது. நிரலைத் திறந்தபின், வரும் திருத்தங்களைப் படித்துப் பதில் கூறுவதற்கு ஆட்களை நியமிப்பதும் அவசியம். பதில் பெறாத பங்களிப்பாளர் மறுமுறை வருவதில்லை.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

2005இல் கூகுள் நிறுவனம் தொடங்கிய கோடைக்கால நிரலாக்கத் திட்டம் போன்றவை வாயிலாக இந்திய மாணவர்கள் பலர் இத்துறையில் நுழைந்துள்ளனர். அதே வேளையில், எண்ணிக்கையைப் பெருக்கும் ஆர்வம் தீங்காவதும் உண்டு. 2020 அக்டோபரில் நடைபெற்ற ஒரு பங்களிப்பு விழாவில், குறிப்பிட்ட எண்ணிக்கையில் கோரிக்கை அனுப்பினால் பனியன் பரிசு என்று அறிவிக்கப்பட்டிருந்தது. விளக்கக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்ப்பது போன்ற பயனற்ற மாற்றங்கள் வெள்ளமெனக் குவிந்தன. பராமரிப்பாளர்கள் வருந்தவே, விருப்பம் தெரிவித்த திட்டங்களை மட்டுமே கணக்கில் கொள்வதென விழா நடத்தியோர் விதியை மாற்ற நேர்ந்தது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதித் தரும் பொய்யான பிழை அறிவிப்புகள் இப்போது அதே துன்பத்தை விளைவிக்கின்றன. தாம் நேரில் சோதித்து உறுதிசெய்யாத எதையும் அனுப்பாதிருப்பதே அடிப்படை ஒழுக்கமாகும்.

தொடங்க விரும்பும் மாணவர் தாம் நாள்தோறும் பயன்படுத்தும் மென்பொருளையே தேர்ந்தெடுப்பது நல்லது. அதன் குறைகள் அவருக்கு அனுபவத்தில் தெரிந்தவை. முதலில் பிறர் தெரிவித்த பிழைகளைத் தம் கணினியில் சோதித்து உறுதிசெய்யலாம். பின்னர் ஆவணங்களில் உள்ள தவறுகளைத் திருத்தலாம். அதன் பிறகு சிறு நிரல் திருத்தங்களை மேற்கொள்ளலாம். கல்லூரிகள் இதைச் செய்முறைப் பாடமாக்கும்போது, எத்தனை கோரிக்கைகள் அனுப்பப்பட்டன என்பதற்கு மதிப்பெண் வழங்குவதைத் தவிர்த்து, பரிசீலனையில் எழுந்த கேள்விகளுக்கு மாணவர் எவ்வாறு விடையளித்தார் என்பதை மதிப்பிட வேண்டும். பிறர் எழுதிய நிரலைப் படித்தல், காரணத்தைத் தெளிவாக எழுதுதல், மறுப்பை ஏற்றுத் திருத்திக்கொள்ளுதல் ஆகிய மூன்றையும் வகுப்பறையைவிட இப்பணி நன்கு கற்பிக்கிறது.

முடிவாக

திறந்த மூல மென்பொருளுக்கு விலை இல்லை என்பது பொதுவான கருத்து. உரிமக் கட்டணம் இல்லை என்பதே உண்மை. பராமரிப்புச் செலவு எப்போதும் உண்டு. அச்செலவை இதுகாறும் பெரும்பாலும் ஏற்று வந்தவர்கள் ஒருசில தனிமனிதர்களும் சில நிறுவனங்களுமே. நாட்டின் நிர்வாகமும் வங்கித் தொழிலும் கல்வியும் இம்மென்பொருள்களை மேன்மேலும் சார்ந்து வரும் நிலையில், அவற்றின் பிழைகளுக்கு வேறெவரோ பொறுப்பு என்று இருந்துவிட முடியாது. கண்ட பிழையை ஒழுங்காகப் பதிந்து, காரணத்தை அறிந்து, திருத்தத்தை மூலத் திட்டத்திற்கு அனுப்பி, அது ஏற்கப்படும் வரை தொடர்ந்து நிற்கும் பழக்கம் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் வேரூன்ற வேண்டும். ஒரு துறை அனுப்பும் நான்கு வரித் திருத்தம் அடுத்த பதிப்பிலேயே பிற துறைகளின் கணினிகளையும் அடைந்துவிடும். அதை அனுப்பிய பொறியாளர் மாற்றலாகிச் சென்ற பின்னரும் அது அங்கேயே பணிபுரிந்துகொண்டிருக்கும்.